ஆட்குறைவும் மண்ணரிப்பும்

சப்பிரகமுவ மாகாணத்தில் மண்ணரிப்பைப் பற்றிப் பேசுவோர், சனத்தொகைப் பெருக்கமே அதற்குக் காரணம் என்று கூறுவது வழக்கம். இது பாதி உண்மையே. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஆட்கள் குறைந்தமையாலும் மண் கரைந்து போயிருக்கின்றது.

முதலில் மழையைக் கவனிப்போம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. மூடாக்கற்ற சரிவில் மழைத்துளி விழுந்து மண்கட்டியை உடைக்கின்றது. உடைந்த துகளை ஓடுநீர் வாரிச் செல்கின்றது. ஒரு எக்டயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் கனமுள்ள மண் போனால், இழப்பு ஏறக்குறைய 12 தொன். கண்ணுக்கு அது புலப்படாது. தேயிலையின் வேர் வெளியே தெரியும்போதே தோட்டக்காரர் விழித்துக்கொள்கின்றார்.

காட்டை வெட்டித் தேயிலையும் இறப்பரும் நட்ட காலத்தில், ஒரு புல்லும் இல்லாமற் சுரண்டியால் வழித்தெடுப்பதே நல்ல பராமரிப்பு எனக் கருதப்பட்டது. அதனால் நேர்ந்த கேட்டைத் தடுக்க வந்தவையே கான்களும் கற்கட்டுகளும். இவை ஆட்பலத்தால் நிற்பவை. கானை ஒருமுறை வெட்டினாற் போதாது. அதில் தங்கும் வண்டலை அவ்வப்போது அள்ளித் தேயிலையின் அடியில் இடவேண்டும். அள்ளாத கான் நிரம்பி உடையும். உடைந்த இடத்தில் நீர் ஒன்றுகூடிப் பாய்வதால், கானே இல்லாத சரிவைவிட அங்கு அரிப்பு மிகும்.

அள்ளுவதற்கு ஆள் எங்கே? 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அதன்படி பல குடும்பங்கள் லயன்களை விட்டுச் சென்றன. எஞ்சியோரின் பிள்ளைகளுட் பலர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை தேடினர். தோட்டக் கூலியை அறிந்தவர் அவர்களைக் குறை கூறார். ஆள் குறைந்தால், கொழுந்து பறிப்பைக் காத்துக் கான் வேலையைக் கைவிடுவதே நிருவாகங்களின் இயல்பு. கொழுந்து உடனே காசாகும். கானின் பயன் பல ஆண்டுகளின் பின்னரே தெரியும்.

மாறாக, மக்கள் நெருங்கி வாழும் கேகாலைக் கிராமத்து வீட்டுத்தோட்டத்தைப் பாருங்கள். பலா, கமுகு, மிளகு, வாழை என அடுக்கடுக்காக நிலம் மூடிக் கிடக்கின்றது. கென்யா நாட்டு மச்சாக்கோஸ் மாவட்டத்திலும் 1930 முதல் 1990 வரை சனத்தொகை பன்மடங்கு பெருகியது, அரிப்போ குறைந்தது. பெருகிய மக்களே படிக்கட்டு வயல்களை அமைத்தனர்.

மண்சரிவு வேறு விடயம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. புளத்கொகுப்பிட்டியில் லயன் வீடுகள் புதையுண்டன. ஆதலின், சரிவு அபாயம் அறிவிக்கப்பட்ட மலையில் நீரைத் தேக்கும் அடைப்புக் கான் கூடாது. நீரை விரைவாக ஓடைக்குக் கொண்டுசெல்லும் கானே வேண்டும்.

ஏனைய மலைகளில், ஆள் குறைந்த தோட்டத்தார் முதலில் உடைந்த கான்களைச் சீர்செய்க. அதன் பின்னரே புதுக் கான் வெட்டுக. வாட்டம் 120 அடிக்கு 1 அடி போதும். வெற்றிடங்களிற் குவாத்தமாலாப் புல்லையோ மானாப்புல்லையோ நட்டு, வெட்டிய புல்லை அங்கேயே பரப்புக. ஆட்கள் முழுமையாகக் கிடைக்காத மிகச் செங்குத்தான மலையைத் தேயிலையிலிருந்து விடுவித்து மரம் நடுவதே நன்று.