குதிரைக்குக் கிழங்கு வகைகளைக் கொடுத்தல்

வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத்தில் காரட் மலிவாகக் கிடைக்கும். வண்டிக் குதிரை, மட்டக் குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றை வைத்துப் பிழைப்போர், வேலை முடிந்ததும் தம் பிராணிக்கு இரண்டொரு காரட்டுகளைக் கொடுத்து அதை மகிழ்விப்பதுண்டு. இது நல்ல வழக்கமே. எனினும், கொடுக்கும் முறையை அறியாமையால், ஒரு குடும்பத்துக்கே சோறு போடும் பிராணி சில நிமிடங்களில் ஆபத்துக்குள்ளாகக் கூடும்.

காரட் குதிரைக்குத் தின்பண்டமேயன்றித் தீனியன்று. 1 கிலோ காரட்டில் ஏறத்தாழ 880 கிராம் நீரே. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கோ நாள்தோறும் சுமார் 8 கிலோ உலர்பொருள் தேவை. ஆகவே புல்லையும் கொள்ளையும் குறைத்துவிட்டுக் காரட்டால் ஈடு செய்ய இயலாது. காரட்டின் சிறப்பு அதிலுள்ள கரோட்டீனாகும். பசும்புல்லில் நிறைந்துள்ள இப்பொருள், புல் உலர்ந்து நாட்படுகையில் பெரிதும் அழிந்துவிடுகிறது. குதிரையின் உடல் இதனை ‘ஏ’ வைட்டமினாக மாற்றிக் கொள்கிறது. ஆனால் நாட்டுக் காரட்டின் ஆழ்ந்த சிவப்பு நிறம் பெரும்பாலும் லைக்கோப்பீன் என்னும் பொருளால் உண்டாவது. அது வைட்டமினாக மாறுவதில்லை. எனவே நிறத்தைக் கொண்டு சத்தை மதிப்பிடலாகாது.

பெருந்தீங்கு தொண்டையடைப்பினால் நேர்கிறது. குதிரையின் உணவுக்குழல் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. வட்ட வட்டமாக நறுக்கிய துண்டு அதில் தக்கை போல் சிக்கிக்கொள்ளும். நீளவாக்கில் விரற்கடைப் பருமனுள்ள கீற்றுகளாக நறுக்கினால் குதிரை மென்றே விழுங்கும். பல் தேய்ந்த கிழக் குதிரைக்குத் துருவிக் கொடுப்பதே தக்கது. அடைப்பு நேர்ந்த குதிரை கழுத்தை நீட்டி இருமும். எச்சிலும் மென்ற தீனியும் மூக்கின் வழியே ஒழுகும். அப்பொழுது அடைப்பு இறங்கட்டும் என்று எண்ணெயையோ நீரையோ வாயில் ஊற்றுவோர் உளர். இது மிகத் தவறு. ஊற்றியது நுரையீரலில் புகுந்து உயிருக்கே உலை வைக்கும். தீனியையும் நீரையும் அகற்றி, தலை தாழ்ந்திருக்குமாறு குதிரையை அமைதியாக நிறுத்தி, கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பையும் உடலளவை நோக்கச் சிறியதே. எனவே புதிய பண்டம் எதையும் முதல் நாளில் ஓரிரு துண்டுகளுக்கு மேல் கொடாமல், படிப்படியாகக் கூட்டுதல் நலம். பெரிய குதிரைக்கும் நாளுக்கு 1 கிலோ போதும். திடீரெனக் கூடையளவு கொட்டினால் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்களின் நிலை குலைந்து வயிற்றுவலி உண்டாகும். குளம்பழற்சி கண்ட குதிரைக்கும், மிகக் கொழுத்த குதிரைக்கும் பீட்ரூட், சர்க்கரைவள்ளி போன்ற இனிப்புக் கிழங்குகளை விலக்குக.

மண் ஒட்டிய கிழங்கைக் கழுவியே கொடுக்க வேண்டும், அழுகியது ஆகாது. பச்சை நிறமேறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கில் சோலனின் என்னும் நஞ்சு மிகுதி. பச்சை மரவள்ளியிலிருந்து சயனைடு வெளிப்படும். வெங்காயம் கிழங்கன்று, ஆயினும் அடுக்களைக் கழிவோடு சேர்ந்து அதுவும் தொட்டியை அடைகிறது. அது குதிரையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதாகும்.

குதிரைக்குத் தன் உதட்டுக்கு நேர் முன்னுள்ள பொருள் கண்ணுக்குப் புலப்படாது. முகர்ந்தும் உதட்டால் தடவியுமே எடுக்கும். ஆகையால் விரல்களை மடக்காமல், உள்ளங்கையைத் தட்டையாக விரித்து அதன்மேல் துண்டை வைத்து நீட்டும்படி மாணவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும்.