மார்க் இருக்கிறது, காகிதம் இருக்கிறதா?

எம்.எஸ்சி நர்சிங் சேர விரும்பும் ஸ்டாஃப் நர்ஸ்கள் முதலில் கேட்பது, "என் மார்க்குக்கு சீட் கிடைக்குமா?" என்பதுதான். மார்க் முடிந்துபோன கணக்கு. இனி அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கடைசி நேரத்தில் ஆளை இழுத்தடிப்பது வேறு: இன்னொருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய சான்றிதழ்கள். ஆன்லைன் படிவத்தை ஒரு மாலையில் நிரப்பிவிடலாம். அதனுடன் இணைக்க வேண்டியவற்றைச் சேர்க்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

தகுதியைத் தேதியோடு பாருங்கள்

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங்கில் மொத்தம் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். மாநில கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். பி.எஸ்சி படித்தவர்களுக்கு இந்த ஓராண்டு பட்டம் முடித்த பிறகு இருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் படித்தவர்களுக்கு அந்தப் படிப்புக்கு முன்போ பின்போ இருந்தாலும் ஏற்பார்கள்.

சிக்கல் வருவது, அந்த ஓராண்டு எந்தத் தேதிக்குள் நிறைவடைய வேண்டும் என்பதில்தான். பதினோரு மாதம், இருபது நாள் என்றால் ஓராண்டு ஆகாது. தகவல் கையேட்டில் கட்-ஆஃப் தேதியைத் தேடிப் பிடித்து, உங்கள் பணி நியமன ஆணையில் உள்ள சேர்ந்த தேதியோடு ஒப்பிடுங்கள். கவுன்சில் பதிவு காலாவதியாகியிருந்தால் அதையும் உடனே புதுப்பியுங்கள்.

பணிச் சான்று எப்படி இருக்க வேண்டும்?

"இவர் எங்கள் மருத்துவமனையில் கடந்த ஓராண்டாகச் சிறப்பாகப் பணியாற்றி வருகிறார்" என்று எழுதிய சான்று நற்சான்றுதான். அனுபவச் சான்றாக அதை எண்ணுவது கடினம். அதில் சேர்ந்த தேதி இல்லை, பதவி இல்லை, எந்த வார்டு என்பதும் இல்லை. மருத்துவமனையின் லெட்டர்ஹெட், உங்கள் பெயர், கவுன்சில் பதிவு எண், பதவி, பணிபுரிந்த பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, முத்திரை, சான்று தந்த தேதி: இத்தனையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போதுமா, மருத்துவமனை நிர்வாகியின் கையெழுத்தும் வேண்டுமா என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

சில தனியார் மருத்துவமனைகளில், வேலையை விடப்போகிறீர்கள் என்று தெரிந்தால் சான்று தரத் தயங்குவார்கள். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அல்லது மின்னஞ்சலில் கேளுங்கள். அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால், அவற்றைத் திரும்பக் கேட்கும் கடிதமும் அதே நாளில் போகட்டும். அசல் இல்லாமல் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போவதில் பயன் இல்லை.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. விண்ணப்பம் உரிய வழியாகப் போக வேண்டும். தடையின்மைச் சான்று வேண்டும். கோப்பு மேசை மேசையாக நகர வேண்டியிருப்பதால், அவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகத் தொடங்க வேண்டும்.

பெயரும் இனிஷியலும்

திருமணமான நர்ஸ்களுக்கு இது அடிக்கடி நேரும் தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், கவுன்சில் பதிவில் முன்னால் இருந்த எழுத்து பின்னால். சரிபார்ப்பு மேசையில் இருப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். சேர்க்கை முடியும் வரை ஆதாரில் பெயர் மாற்றும் யோசனையைத் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே மாறிவிட்டது என்றால், ஆதாரைத் திருத்துங்கள் அல்லது அரசிதழ் அறிவிப்பு மூலம் பெயர் மாற்றத்தை முறைப்படுத்துங்கள். சாதிச் சான்றிலும் அதே பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்துக்குப் போக இதுதான் நேரம்.

வெளிமாநிலத்தில் பட்டம் பெற்றவர்கள்

கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ பி.எஸ்சி முடித்துவிட்டு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரியில் சேர விரும்பினால், அந்தப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்று வேண்டும். படித்த பல்கலைக்கழகத்திலிருந்து இடம்பெயர்வுச் சான்றும் வேண்டும். அங்கே பதிவு செய்த கவுன்சிலிடமிருந்து பதிவை இங்கே கொண்டுவரும் வேலையும் இருக்கிறது. இவை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடப்பவை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள்.

எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி?

மெடிக்கல் சர்ஜிகல், குழந்தைகள் நலம், மகப்பேறு மற்றும் மகளிர் நலம், சமுதாய நலம், மனநலம் என்று ஐந்து பிரிவுகள். "எதில் சீட் காலியோ அதில் சேர்ந்துவிடுகிறேன்" என்று வருபவர்கள், ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போதே சோர்ந்துவிடுகிறார்கள். ஐ.சி.யூ.வில் மூன்று ஆண்டு நின்றவருக்கு வென்டிலேட்டர் நோயாளியின் பராமரிப்பில் கேட்க நூறு கேள்வி இருக்கும். அவரைச் சமுதாய நலத்தில் தள்ளினால் அந்த அனுபவத்தில் பெரும்பகுதி வீணாகும். வகுப்பறைக்குப் போகாமல் படுக்கையருகிலேயே உயர விரும்புகிறவர்களுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் இருக்கிறது.

கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் கேட்கும் பிரிவுக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் சரிபாருங்கள். வார்டு போஸ்டிங் எந்த மருத்துவமனையில், வழிகாட்டியாக யார் இருப்பார் என்று சேரும் முன்பே கேளுங்கள். "வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். எம்.எஸ்சி நர்சிங், வகுப்பும் வார்டும் சேர்ந்த முழுநேரப் படிப்பு.

ராஜினாமா எப்போது?

சேர்க்கை ஆணை கைக்கு வரும் முன் வேலையை விடாதீர்கள். ஆனால் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அதற்குப் பதிலாகச் சம்பளத்தைக் கட்டிவிட்டு விலக முடியுமா என்பதை இன்றே நியமன ஆணையில் படித்துவிடுங்கள். கல்லூரியில் சேரக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான் என்றால், மூன்று மாத நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். அப்படியான ஒப்பந்தம் உங்களுக்கு இருந்தால், அந்தச் சம்பளத் தொகையை முதலாண்டுக் கட்டணத்தோடு சேர்த்து இப்போதே ஒதுக்கிவையுங்கள். விலகும் நாளில் விடுவிப்பு ஆணையையும், கடைசித் தேதி வரை கணக்கிட்ட புதிய பணிச் சான்றையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். படிப்பு முடிந்து அடுத்த வேலைக்குப் போகும்போதும் அந்த இரண்டையும் கேட்பார்கள்.