ஏரிக்கரை எலிவளையும் பூமியின் வெப்பமும்

ஏரி நிரம்பியிருக்குங்கால் கரையிலுள்ள எலிவளை வழியே நீர் கசிவதுண்டு. தொடக்கத்தில் அது விரலளவு ஊற்றே. ஆயினும், ஓடும் நீர் மண்ணை அரித்துத் துவாரத்தை அகலமாக்குகின்றது. துவாரம் அகன்றபடியால் அதிக நீர் ஓடுகின்றது. அந்நீர் மேலும் மண்ணை அரிக்கின்றது. இவ்வாறு ஒரு காரியத்தின் பலனே அதற்கு மறுபடியும் காரணமாகிப் பெருகுதல் பின்னூட்டச் சுழல் எனப்படும். அந்தியில் ஒரு கூடைக் களிமண்ணால் அடைபடும் துவாரம், நடுநிசியில் கரை உட்கார்ந்த பின்னர் நூறு கூடைக்கும் அடங்காது. இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள எல்லையே கவிழ்நிலை.

பூமியின் சீதோஷ்ணத்திலும் இவை உண்டு. வட துருவக் கடலில் மிதக்கும் வெண்பனி, தன்மேல் விழும் சூரிய ஒளியில் பாதிக்கு மேற்பட்டதைத் திருப்பியனுப்பும். அது உருகியபின் வெளிப்படும் கருநீரோ நூற்றுக்குச் சுமார் 6 பாகத்தையே திருப்பும். எஞ்சியது உஷ்ணமாகத் தங்கி மேலும் பனியை உருக்கும். வெள்ளையடித்த தளத்தையும் கருங்கல் தளத்தையும் நண்பகலில் மிதித்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

கிரீன்லாந்தின் பனிப்பாளம் சிலவிடங்களில் 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கனமுடையது. மலையுச்சி குளிர்ந்தும் அடிவாரம் வெம்மையாகவும் இருத்தல் போல, பனி உருகித் தாழுந்தோறும் அதன் மேற்பரப்பு வெப்பமான காற்றினுள் இறங்குகின்றது, உருகுதல் விரைவுபடுகின்றது. ஓர் எல்லைக்குக் கீழ்த் தாழ்ந்துவிட்டால், காற்றின் வெப்பம் சற்றே தணிந்தாலும் உருகுதல் நில்லாது. முற்றும் உருகப் பல நூற்றாண்டுகள் செல்லும். உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும்.

பூமியின் சராசரி வெப்பம் 1850–1900 கால நிலைக்கு மேல் 1.5 முதல் 2 டிகிரி உயருமளவிலேயே இவ்வெல்லை கடக்கப்படக்கூடுமென்று, ஐக்கிய நாடுகளின் தட்பவெப்ப மாற்ற ஆய்வுக் குழு 2018ஆம் ஆண்டில் தெரிவித்தது. 2024ஆம் ஆண்டின் சராசரி 1.5 டிகிரியைத் தாண்டியது. ஓராண்டின் கணக்கு நெடுங்காலச் சராசரி ஆகாது. எனினும் அது கரையிற் காணும் ஈரத்தை ஒக்கும்.

வளையை அடைப்பதாவது, நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் எழும் கரியமிலவாயுவைக் குறைத்தலே. கரைகாவல் புரிவோன் உடைப்பு நேரும் நாழிகையை அறியான். ஆயினும் கசிவைக் கண்டவுடன் மண்வெட்டியை எடுக்கின்றான்.