கூச்சமும் மிகைச் சிந்தனையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி.)

நாணம் வேறு, கூச்சம் வேறு. தகாத செயலுக்கு வெட்கப்படும் பண்பை 'நாணுடைமை' எனப் போற்றிய வள்ளுவர், 'அவையஞ்சாமை' என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். போருக்கு அஞ்சாதவரும் அவைக்கு அஞ்சுவதை அவர் கண்டிருந்தார்.

இவ்வச்சம் எவ்வாறு வளர்கிறது? பேசுமுன், "தவறாகிவிட்டால்?" என்கிறது மனம். பேசும்போது, "என் கை நடுங்குவதைப் பார்க்கிறார்களோ?" என்கிறது. பேசிய பின்னும், "ஏன் அப்படிச் சொன்னேன்?" என்று இரவெல்லாம் குடைகிறது. மிகுந்த கூச்சத்தால் துன்புறுவோரின் இந்நிலையைக் கிளார்க், வெல்ஸ் என்னும் உளவியல் அறிஞர்கள் 1995-இல் விளக்கினர். கவனம் பேசும் பொருளை விட்டுத் தன்மீதே திரும்பிவிடுவதுதான் இதன் வேர் என்பது அவர்கள் கருத்து.

பிறர் நம்மை உண்மையில் அவ்வளவு கவனிக்கிறார்களா? 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கூச்சம் தரும் படமிட்ட பனியனை அணிந்து மாணவர்கள் ஓர் அறைக்குள் சென்றனர். ஏறத்தாழப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பர் என்று அவர்கள் எண்ணினர். கவனித்தவரோ கால் பங்கினரே!

காந்தியடிகளின் வாழ்வு நமக்குப் பாடம். இலண்டனில் சட்டம் பயின்றபோது, எழுதிய உரையைக்கூட அவரால் படிக்க இயலவில்லை, வேறொருவர் படித்தார். பம்பாயில் முதல் வழக்கிலும் நா எழவில்லை. அவரே 1893-இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் முன் பேசினார். வாணிகத்தில் வாய்மை என்னும் பொருளை முன்னரே ஆய்ந்து சென்றிருந்தார். சொல்ல வேண்டிய செய்தி பெரிதானபோது, 'நான்' என்ற எண்ணம் சிறிதாயிற்று.

தலத்தெரு போன்ற ஊர்களிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோருக்கு இது வெறும் தத்துவமன்று. "என் தவறு என் வீட்டாருக்கே தலைகுனிவு" என்றெண்ணி வாய்மூடி இருக்கிறோம். வகுப்பில் கேட்காத ஐயம் தேர்வுத்தாளில் வினாவாக வந்து நிற்கிறது. நாளை நேர்முகத் தேர்விலும் வந்து நிற்கும். நம்மைப் படிக்க வைக்க வீட்டார் படும் பாட்டுக்கு இந்த மௌனமா கைம்மாறு?

வழி எளிது. ஐயத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியே கேளுங்கள். பின்னர் வகுப்பிலேயே கேளுங்கள். கேட்கும்போது விடையில் கருத்தை வையுங்கள். கேட்டு முடித்தபின் அதையே அசைபோடாதீர்கள். கூச்சம் அன்றாட வாழ்வையே முடக்குமானால் மருத்துவரை நாடுங்கள், அதில் இழுக்கில்லை.

நண்பர்களே! சிந்தனை நல்லதே, அது நம்மைச் சுற்றியே சுழலாமல், நாம் கற்கும் பொருளைச் சுற்றிச் சுழலட்டும்!