திருத்திய விடை திரும்பி வரவேண்டும்

2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது இணைய வகுப்பறை நம் ஊர்களையும் எட்டியது. அவற்றுள் ஒன்றான கூகுள் கிளாஸ்ரூமில், ஆசிரியர் இடும் மதிப்பெண் உடனே மாணவனுக்குத் தெரிவதில்லை. விடையை அவர் 'திருப்பி அனுப்பும்' வரை அது வரைவாகவே நிற்கும். இதனை மறந்துவிடும் ஆசிரியரும் உளர். பிள்ளையோ கைப்பேசியைப் பார்த்துக் காத்திருக்கும்.

திரும்பி வந்தாலும், 100-க்கு 40 என்னும் எண் மட்டும் எதனைக் கற்பிக்கும்? விளைச்சல் குறைவு என்று கூறிவிட்டுக் காரணம் சொல்லாது போகும் விவசாய அலுவலரை நாம் விடுவோமா? "வட்டியை அசலோடு கூட்ட மறந்தாய்" என்று தனிக்குறிப்பு எழுதித் திருப்பினால், பிள்ளை அன்றே பிழை நீக்கி மீண்டும் ஒப்படைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் பஞ்சாயத்து உறுப்பினர்கள், மதிப்பெண் எவ்வளவு என்பதற்கு முன்னர், குறிப்பு வந்ததா என்று கேட்பார்களாக.