உடம்பு எழுதும் பேரேடு

கள்ள நோட்டை ஒருமுறை வாங்கி ஏமாந்த கடைக்காரர், மறுமுறை அதைத் தொட்டதுமே கண்டுகொள்வார். வணிக அன்பர்களே, நம் உடம்பும் நோயை இப்படித்தான் அறிந்துகொள்கிறது.

புதிய கிருமி உட்புகுந்தால் முதலில் ஓடி வருபவை இரத்தத்திலுள்ள ஒருவகை வெள்ளணுக்கள். வந்தவன் யாரென்று விசாரியாமல், அந்நியனைக் கண்டால் விழுங்கிவிடும். வேறுவகை வெள்ளணுக்களோ ஆளறிந்து அடிப்பவை. அந்தக் கிருமிக்கென்றே பொருந்தும் எதிர்ப்பொருளை உண்டாக்குபவை. ஆனால் முதல் தடவை அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் நாம் படுத்துவிடுகிறோம். கிருமி ஒழிந்த பின்னும் அவ்வணுக்களில் சில, பழைய பேரேட்டைக் காக்கும் கணக்குப்பிள்ளை போல, அதன் அடையாளத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன.

எத்தனை காலத்துக்கு? வட அட்லாண்டிக் கடலிலுள்ள பாரோ தீவுகளில் 1781-ல் தட்டம்மை பரவியது. பிறகு 65 ஆண்டுகள் அங்கே அந்நோய் இல்லை. 1846-ல் கோப்பன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த ஒரு தச்சரோடு அது மறுபடி நுழைந்தது. சுமார் 7,800 ஜனங்களில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசாங்கம் அனுப்பிய இளம் வைத்தியர் பானும் ஊர் ஊராக விசாரித்தார். 1781-ல் நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்கும் அது திரும்ப வரவில்லை என்று எழுதி வைத்தார். பால பருவத்துக் கணக்கு, பல் விழுந்த பிறகும் செல்லுபடியாயிற்று!

ஆயினும், இதே தட்டம்மை மற்ற நோய்களின் கணக்கைக் கிழித்தெறியவும் வல்லது. தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகளிடம் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள்: நோய் வந்து போனபின், முன்பிருந்த பல்வகை எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம். அம்மை வந்து போனால் பிள்ளை உறுதிப்படும் என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. அவர்கள் மனம் நோகக் கூடாதுதான். ஆனால் அந்தக் கணக்கு தவறு.

தடுப்பூசியில் இருப்பது பலவீனமாக்கிய கிருமி. அடையாளம் பதியும், பேரேடு கிழியாது. ஓர் ஊசியில் நூற்றுக்கு ஏழு பேரளவில் பதிவு விழாமல் போவதால்தான் இரண்டாவது ஊசி. சிங்கப்பூரில் தட்டம்மைத் தடுப்பூசி 1985 முதல் சட்டப்படி கட்டாயம்.

குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுமுன், பாஸ்போர்ட்டோடு பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவையும் எடுத்துப் பாருங்கள். முதல் ஊசிக்கு வயது வராத கைக்குழந்தை இருந்தால், டிக்கெட் எடுக்குமுன்னரே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.