சாவி கைக்கு வந்தால் பொறுப்பும் வரும்

பகுதி நேரமாக கார் டீட்டெயிலிங் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு சட்டப் பாடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்து, விடுமுறை நாளில் வாட்டர் வாஷ், உள்பக்க ஷாம்பு, பாலிஷ் என்று கார் வேலை செய்து நாலு காசு சம்பாதிக்க நினைக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஹலாலான உழைப்பு. அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: "பத்து லட்ச ரூபாய் வண்டி. உன் கையில் ஏதாவது ஆகிவிட்டால் யார் கொடுப்பது?"

இதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் வீண் பயமும் போகும், அசட்டைத் துணிச்சலும் போகும்.

சட்டம் எதிர்பார்ப்பது

ஒருவர் தம் பொருளை ஒரு வேலைக்காக உங்களிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-ஆம் பிரிவில் விளக்குகிறது. நாம் அமானிதம் என்று சொல்வதற்கு மிக நெருக்கமானது இது. பிரிவு 151-இன்படி, சாதாரண அறிவுள்ள ஒருவர் அதே மதிப்புள்ள தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனம் நீங்கள் காட்ட வேண்டும். அந்தக் கவனம் காட்டியும் சேதம் வந்தால், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, நீங்கள் பொறுப்பல்ல என்கிறது பிரிவு 152.

ஆகவே கேள்வி, "சேதம் வந்ததா?" என்பதோடு முடிவதில்லை. "கவனமாக இருந்தாரா?" என்பதும் கேட்கப்படும். பஃபிங் மெஷினை ஒரே இடத்தில் அழுத்தி பெயின்டைத் தீய்த்தால், அது கவனக்குறைவு. வண்டி வரும்போதே இருந்த கீறலுக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் அது முன்பே இருந்தது என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒரு வழக்கு சொல்லும் பாடம்

1998 ஆகஸ்ட் 1 இரவு, டெல்லி தாஜ் மகால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தம் மாருதி ஜென் காரையும் சாவியையும் பார்க்கிங் ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது காரை வேறொருவர் எடுத்துச் சென்றிருந்தார். பார்க்கிங் சீட்டில் "உரிமையாளரின் பொறுப்பிலேயே" என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி ஹோட்டல் வாதாடியது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டி ஒப்படைக்கப்பட்டது நிரூபணமானால், தம் கவனக்குறைவால் இழப்பு நேரவில்லை என்று காட்டுவது வாங்கியவரின் கடமை. சொந்தக் கவனக்குறைவுக்கு அச்சிட்ட வாசகம் கேடயமாகாது என்றது.

நமக்கும் அதே நிலைதான். "சேதத்திற்குப் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டினால் மட்டும் தப்ப முடியாது.

கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள்

ஒன்று, வண்டியை ஓட்டுவது. லைசென்ஸ் இல்லாத தம்பியிடம் "கொஞ்சம் நகர்த்தி நிறுத்து" என்று சாவியைக் கொடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க வழி உண்டு. உரிமையாளர் உங்களிடம் வருவார்.

இரண்டு, சொந்த வேலைக்கு எடுப்பது. கழுவத் தந்த வண்டியில் ஜி.என்.டி. சாலையில் டீ குடிக்கப் போனால், அந்தப் பயணத்தில் நேரும் சேதத்திற்கு நீங்களே பொறுப்பு என்கிறது பிரிவு 154. உங்கள் மேல் தப்பில்லை என்றாலும் அப்படித்தான்.

மூன்று, "சின்ன வேலைதானே" என்ற எண்ணம். கூலி வாங்கிச் செய்யும் சேவை என்பதால், பகுதி நேர வேலையாக இருந்தாலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்குத் தொழில் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்ற பிரிவு கிடையாது. உத்யம் பதிவு இலவசம்தான், செய்துகொள்ளுங்கள். ஆனால் அது இழப்பீட்டிலிருந்து காப்பாற்றாது.

ஃபிக்ஹு நூல்களில்

இந்தக் கேள்வி புதிதல்ல. சலவைக்காரர் அடித்துத் துவைக்கும்போது துணி கிழிந்தால் அவர் ஈடு தர வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. அவர் தவறின்றித் துணி தொலைந்தால், பொறுப்பில்லை என்றார் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றிப் பொறுப்பு உண்டு என்றனர் அவருடைய மாணவர்கள் இருவர். மற்ற மத்ஹபுகளில் வேறு கருத்துகளும் உண்டு. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் பழக்கத்தை அல்பகரா 282-ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

நடைமுறையில்

• வண்டி வந்ததும், உரிமையாளர் முன்னிலையில் நான்கு பக்கமும் உள்பக்கமும் போனில் படமெடுங்கள். கிலோமீட்டர், டேஷ்போர்டில் எரியும் விளக்குகள் உட்பட. படங்களை அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.
• ஒரு பக்கத் தாளில் வேலை, கூலி, முன்பே உள்ள கீறல்கள், திரும்பத் தரும் நேரம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.
• நகை, பணம், ஆவணம் எதுவும் வண்டியில் இருக்க வேண்டாம் என்று சொல்லி, எடுக்கச் செய்யுங்கள்.
• முடிந்தால் அவர் வீட்டு வாசலிலேயே, அவர் இருக்கும்போது செய்யுங்கள். வண்டி உங்கள் வசம் வராததால் திருட்டுப் பயம் குறையும். வேலையில் செய்யும் தவறுக்குப் பொறுப்பு மட்டும் மாறாது.
• இன்ஜின் பகுதியில் தண்ணீர் அடிப்பது, பெயின்ட் ரப்பிங் போன்றவற்றை நன்றாகக் கற்காமல் ஏற்காதீர்கள்.
• கடை போடும் அளவுக்கு வளர்ந்தால், வாடிக்கையாளர் வண்டிக்கு நேரும் சேதத்தைப் பாலிசி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
• ஆலையில் தந்த நியமன உத்தரவில் வேறு வேலைக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

தப்பு நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். அன்றே சொல்லி, படம் எடுத்து, சரிசெய்யும் செலவைப் பேசி, முடிவை எழுதிக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. தொலைபேசி 15100.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. வாடிக்கையாளர் காரில் உங்கள் மகன் பால் வாங்கப் போய் வந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எது தவறு?
2. "கீறல் நீ போட்டது" என்று ஒருவர் சொன்னால், இன்று உங்களிடம் காட்ட என்ன இருக்கிறது?
3. தெரிந்தவர், சொந்தக்காரர் வண்டி என்றால் தாள் எழுத ஏன் கூச்சப்படுகிறோம்?